இடைவேளையோடு வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள்: யாழ்ப்பாணத்துப் பாடசாலை அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களே,

“எனது பிள்ளையின் நலன் கருதி, எனது சொந்த விருப்பின்பேரில், தினமும் இடைவேளையுடன் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்வேன் என இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.”

இந்தத் தவணை தொடங்கிய கிழமை என் மகளிடம் கையொப்பம் கேட்டு நீட்டப்பட்ட கடதாசியில் இருந்த வசனம் இது. தட்டச்சு செய்து, பெயருக்கும் திகதிக்கும் புள்ளிக்கோடு விட்டு, போட்டோக்கொப்பி எடுத்து வைத்திருந்தார்கள். ஒரே ஒரு பிள்ளைக்காக யாரும் படிவம் அடித்து வைப்பதில்லை. விசாரித்துப் பார்த்தேன். வேறு பாடசாலைகளிலும் இதேமாதிரிக் கடதாசியில் தாய்மார் ஒப்பம் வைத்திருக்கிறார்கள். ஆகவேதான் ஒரு அதிபருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். பாடசாலையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என் பேரன் அங்கேதான் தொடர்ந்து படிக்க வேண்டும்.

அவனுக்கு ஏழு வயது. தரம் 2. ஓட்டிசம் இருக்கிறது என்று மூன்றரை வயதில் வைத்தியர்கள் உறுதிப்படுத்தினார்கள். நான் ஆரம்பப்பிரிவில் படிப்பித்து ஓய்வுபெற்றவள். பாடசாலை எப்படி ஓடுகிறது, எந்தக் கொப்பியை யார் பார்ப்பார்கள், கல்வி வலய அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் எந்த அலுமாரி முதலில் அடுக்கப்படும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். “உங்களுக்கு இது விளங்காது அம்மா” என்ற பதிலைத் தயவுசெய்து எனக்குத் தர வேண்டாம்.

முதலில் வரவு இடாப்பைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் பெயர் கூப்பிடும்போது அவன் வகுப்பில் இருக்கிறான். வரவு போடப்படுகிறது. இடைவேளைக்கு மணி அடிக்க நான் போய்க் கூட்டிவருகிறேன். ஆனால் இடாப்பில் அவன் முழுநாள் வந்த பிள்ளை. தவணை முடிவில் பார்த்தால் வரவில் ஒரு குறையும் இருக்காது. கோட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தாலும் வலயத்திலிருந்து வந்து பார்த்தாலும் கணக்குச் சரி. கோவைக்குள் தாயின் சம்மதக் கடிதமும் இருக்கிறது. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் பாடசாலை ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை, தாய்தான் தன் விருப்பத்தில் கூட்டிக்கொண்டு போகிறாள்.

நீங்கள் திட்டம் போட்டு இதைச் செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. நடப்பது என்னவோ அதுதான். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று மாவட்டத்தில் இருக்கும் ஐந்து கல்வி வலயங்களிலும் இப்படி அரைநாளில் திரும்பும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால், இந்த இடாப்புகளை வைத்துக்கொண்டு யாரால் பதில் சொல்ல முடியும்? கணக்கில் இல்லாத பிள்ளைக்காக யாரும் ஆசிரியர் கேட்கப்போவதில்லை, யாரும் தரப்போவதுமில்லை.

சட்டத்தை உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒப்பம் வைக்கச் சொல்லப்படும் தாய்மார் இதை வாசிப்பார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடல், உளக் குறைபாடு உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. அதன் 23ஆம் பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனமொன்றில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. கட்டாயக் கல்வி வயது 2016இலிருந்து 5 முதல் 16 வரை. அதே வருடம் பெப்ரவரியில், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிசெய்தது. அதன் 24ஆம் உறுப்புரை இப்படியான பிள்ளைகளைப் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக்கூடாது என்கிறது. இவற்றில் எந்த இடத்திலும் ‘இடைவேளை மட்டும்’ என்று எழுதப்படவில்லை. சேர்த்துக்கொண்டு அரைநாளில் திருப்பி அனுப்புவதை வேறு என்ன பெயரால் சொல்வது?

இனி, அந்தக் கடிதம் எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

போன வருடம் அவனுடைய வகுப்பாசிரியை முதல் நியமனம் பெற்று வந்த இளம் பிள்ளை. கல்வியியற் கல்லூரியில் ஓட்டிசத்தைப் பற்றிப் படித்தது கொஞ்சம்தான் என்று அவரே சொன்னார். ஆனால் கண் இருந்தது. ஒரு பிறிஸ்ரல் போர்ட்டில் ஆறு படம் வரைந்து ஒட்டினார்: கும்பிடும் கை, தமிழ்ப் புத்தகம், எண்சட்டம், சாப்பாட்டுப் பெட்டி, ஒரு மரம், கடைசியாக ஒரு வீடு. ஒவ்வொரு பாடமும் முடிய அவன் எழும்பிப் போய் அந்தப் படத்தைத் திருப்பிவிட்டு வந்து இருப்பான். அடுத்தது என்ன, வீட்டுக்குப் போக இன்னும் எத்தனை படம் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பயம்.

மணியையும் அவர் கவனித்தார். எங்கள் பாடசாலைகளில் மணி என்றால் பல இடங்களில் தண்டவாளத் துண்டுதானே. விறாந்தை மரத்தில் தொங்கும் அந்த இரும்பில் இரும்பால் அடிக்கும்போது எங்களுக்கே காது கூசும். அவனை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து மற்ற மூலையில் இருத்தினார். மணி அடிக்கச் சற்று முன் கையைத் தூக்கிக் காட்டுவார். அவன் காதைப் பொத்துவான். சத்தம் ஓய்ந்ததும் கையை எடுத்துவிட்டு எழுதத் தொடங்குவான். அந்த வருடம் அவன் கடைசி மணி வரைக்கும் பாடசாலையில் இருந்த பிள்ளை. இதற்குச் செலவானது ஒரு பிறிஸ்ரல் போர்ட்டும் கொஞ்சம் பசையும்.

அவர் இடமாற்றம் பெற்றுப் போனார். புதிதாக வந்த ஆசிரியைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை, எழுதியும் வைக்கவில்லை. போர்ட் கழற்றப்பட்டது. அந்தச் சுவரில் இப்போது புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படங்கள். (எங்கள் பாடசாலை வாசல்களில் தொங்கும் பதாகைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு மடல் வேண்டும்.) அவனுடைய வாங்கும் பழையபடி மணிப் பக்கம் வந்தது. ஒருநாள் மணி அடித்தபோது பக்கத்தில் இருந்த பிள்ளையைத் தள்ளிவிட்டு எழும்பி ஓடினான். அந்தப் பிள்ளைக்கு மேசை விளிம்பில் அடிபட்டு நெற்றி வீங்கிவிட்டது.

அந்தத் தாய்க்கு வந்த கோபம் நியாயமானது. என் பேரனுக்கு அப்படி வீங்கியிருந்தால் நானும் அதிபரின் அறைக்குப் போயிருப்பேன். ஆனால் ஏன் தள்ளினான் என்று அன்று ஒருவர் நிதானமாக விசாரித்திருந்தால் போர்ட் கழற்றியதும் இடம் மாற்றியதும் வெளியே வந்திருக்கும். கதிரையை மாற்றிப் போட்டிருந்தால் போதும் என்ற இடத்தில் சம்மதக் கடிதம் அடிக்கப்பட்டது.

அவன் கதைப்பதைப் பற்றியும் முறைப்பாடு இருக்கிறது. பயம் வந்தால் காங்கேசன்துறை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில், யாழ்ப்பாணம் என்று ரயில் நிலையங்களின் பெயரை ஒழுங்குமாறாமல் சொல்லுவான். “அலம்புகிறான், மற்றப் பிள்ளைகளைக் குழப்புகிறான்” என்று கொப்பியில் எழுதி அனுப்பினார்கள். இதை ஒரு அபூர்வத் திறமை என்று சொல்ல நான் வரவில்லை. ஓட்டிசம் என்றால் உள்ளுக்குள் ஒரு மேதை ஒளிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் எங்களுக்கு இன்னொரு தொல்லைதான். தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள அவனுக்குக் கிடைத்த வழி அது. கொக்குவிலுக்கு வரும்போது குரல் இறங்கிவிடும். அதற்கிடையில் “வாயை மூடு” என்று அதட்டினால் திரும்பக் காங்கேசன்துறையிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஓட்டிசம் மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வித்தியாசம். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு வைத்திய உலகம் அதைத் தனியாகப் பார்க்கத் தொடங்கியது. மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. காரணம் ஒன்றே ஒன்று என்று இல்லை. சில பிள்ளைகள் ஒரு சொல்லும் கதைக்கமாட்டார்கள், சிலர் புத்தகம்போலக் கதைப்பார்கள். சிலருக்கு வலிப்பும் சேர்ந்து இருக்கும். மற்றவர்களின் முகத்தையும் குரலையும் வைத்து மனதைப் படிப்பது, எங்களுக்குத் தானாக வருவது, இவர்களுக்குப் பாடுபட்டுப் பழகவேண்டிய காரியம். சத்தமும் வெளிச்சமும் மணமும் சட்டையின் பின்கழுத்துத் துணித்துண்டும்கூட ஒரு பிள்ளையைப் படாதபாடு படுத்தும். தகரக் கூரையில் பெருமழை கொட்டும்போது பக்கத்தில் இருந்து ஒருவர் கணக்குச் சொல்லித் தந்தால் உங்களுக்கு எவ்வளவு ஏறும்? அரைச்சுவர் வைத்த நீள மண்டபத்தில் நாலு வகுப்புகள் ஒரே நேரத்தில் வாய்ப்பாடு சொல்லும்போது அவன் இருப்பது அந்த மழைக்குள்தான்.

பிடிவாதம் வேறு, இது வேறு. ஆசிரியர்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். பிடிவாதக்காரப் பிள்ளை யாராவது பார்க்கிறார்களா என்று கண்ணால் ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் அழும். கேட்டது கிடைத்தால் நிறுத்தும். தாங்கமுடியாமல் உடைந்துபோகும் பிள்ளைக்குப் பார்க்க ஆள் தேவையில்லை. எதைக் கொடுத்தாலும் நிற்காது. அந்த நேரத்தில் அடியும் உதவாது, புத்திமதியும் உதவாது. சத்தம் குறைந்த ஓரிடமும் கொஞ்ச நேரமும்தான் உதவும்.

பெற்றார் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, “போனைக் குடுத்து வளர்த்தா இப்பிடித்தான் வரும்” என்றார். என் மகள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். தாயைக் குற்றம் சொல்லும் இந்தப் பழக்கம் எங்கள் ஊர் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் படித்த ஆட்களே தாயின் பாசக்குறைவுதான் ஓட்டிசத்துக்குக் காரணம் என்று பரப்பினார்கள். புருனோ பெற்றல்ஹைம் அதில் பெயர்போனவர். ஓட்டிசம் உள்ள மகனின் தகப்பனும் உளவியலாளருமான பேர்னாட் றிம்லன்ட் 1964இல் அது உடல் சார்ந்த விடயம் என்று ஆதாரங்களோடு எழுதிய பிறகுதான் அந்தக் கதை ஆட்டம் கண்டது. அறுபது வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் அதே கதை, பாசத்துக்குப் பதில் போன். சபையில் இருந்த அதிபர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதே கூட்டத்தில் தடுப்பூசியும் இழுபட்டது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா நோய்களைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியோடு ஓட்டிசத்தை முடிச்சுப்போட்ட பிரித்தானிய வைத்தியர் அன்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டது. வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் அதை மீளப்பெற்றுவிட்டது. டென்மார்க்கில் 6 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு அப்படி ஒரு தொடர்பும் இல்லை என்று காட்டியது. பாடசாலைக்குள் இந்த வதந்தி ஓட விட்டால் குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடுவீடாகப் போய்ச் செய்யும் வேலையெல்லாம் வீணாகும். இதற்கு மேல் அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

இது எங்கேயோ ஒரு வீட்டில் நடக்கும் அபூர்வம் என்றும் நினைக்க வேண்டாம். இலங்கையில் ஒரு அரைநகர்ப் பகுதியில் 18 முதல் 24 மாத வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வில் 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்தக் கணக்கை 900 பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்குப் பொருத்திப் பாருங்கள், ஒன்பது பத்துப் பேர் வரும். அவ்வளவு பேரையும் நீங்கள் காணவில்லை என்றால் சிலர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறார்கள். மற்றவர்கள் வகுப்பில் ‘மந்தம்’, ‘திமிர்’, ‘ஊமைக்கொட்டான்’ என்ற பட்டங்களோடு இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் பலர் அமைதியாகச் சமாளித்துக்கொண்டு இருப்பதால் அவர்களுக்கு அந்தப் பட்டமும் இல்லை, கவனிப்பும் இல்லை.

வீட்டுப் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு நித்திரை ஒழுங்காக வராது. இவன் இரவு எழும்பினால் வீடு முழுக்க எழும்பவேண்டும். மருமகன் கட்டாரில். மகள் வேலைக்குப் போகிறாள், அதனால் இடைவேளைக்கு வாசலில் நிற்பது நான். எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது, நிற்கலாம். என்னோடு அந்த வேப்பமரத்தடியில் நிற்கும் இன்னொரு தாய் தீவகத்திலிருந்து மகனின் கிளினிக்குக்காகவே இங்கே வந்து வாடகை வீட்டில் இருக்கிறாள். தையல் வேலை செய்கிறாள். காலையில் கொண்டுவந்து விட்டு, வீட்டுக்குப் போய் மெசினில் இருந்து நூல் கோக்க முன் திரும்ப வெளிக்கிட வேண்டும். அவளுக்கு இந்தக் கடிதம் சோற்றில் கைவைத்த மாதிரி. அவளும் ஒப்பம் வைத்தாள். “வைக்காட்டி நாளைக்குப் பிள்ளையை எடுக்கமாட்டினமோ எண்டு பயம் அம்மா” என்றாள். இதற்குப் பெயர் சொந்த விருப்பமா, அதிபர்களே?

கிளினிக்கில் அடுத்த திகதி எப்போதும் மாதக்கணக்கில் தள்ளித்தான். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் போதாது. கிடைத்தாலும் கிழமையில் ஒருதரம், கொஞ்ச நேரம். பிள்ளை கதைக்கப் பழகுவது அந்த அறையில் மட்டும் இல்லை. மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கும்போதும், “றபர் தா” என்று கேட்கும்போதும், ஒளித்துப் பிடித்து விளையாடும்போதும்தான் பழகுகிறது. அந்த இடைவேளைதான் அவனுக்கு நாளிலேயே முக்கியமான பாடம். நீங்கள் சரியாக அந்த மணியோடு அவனை வெளியே அனுப்புகிறீர்கள்.

அக்காக்காரி அதே பாடசாலையில் தரம் 5. அவளிடம் வகுப்பில் ஒரு பிள்ளை, “உன்ர தம்பிக்கு விசரோ?” என்று கேட்டதாம். அவள் வீட்டுக்கு வந்து இதை எங்களுக்குச் சொல்லவில்லை. தம்பியோடு ஒரே ஆட்டோவில் போகமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். ஏனென்று அறிய எங்களுக்குக் கனநாள் பிடித்தது. பிள்ளைகள் இதைத் தாங்களாகக் கற்பதில்லை. தினமும் ஒரு பிள்ளை மட்டும் பாதியில் கூட்டிப்போகப்படுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

“விசேட கல்வி அலகு உள்ள பாடசாலைக்குக் கொண்டுபோங்கோ” என்றும் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அலகுகளுக்கு நான் எதிரி அல்ல. அங்கே பொறுமையோடு வேலைசெய்யும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும், சில பிள்ளைகளுக்கு அதுதான் பொருத்தம். ஆனால் அந்த முடிவை வைத்தியர், பெற்றார், வகுப்பாசிரியர், விசேட கல்விக்குப் பொறுப்பானவர் எல்லோரும் இருந்து பிள்ளையைப் பார்த்து எடுக்கவேண்டும். நெற்றி வீங்கிய அன்று கோபத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்கக்கூடாது.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளை ஒருவர் சமாளிக்கிறார். ஆள் இல்லை, பயிற்சி இல்லை, பெற்றாரின் அழுத்தம் வேறு. அதை நீங்கள் எழுத்தில் மேலே அனுப்புங்கள், நாங்களும் சேர்ந்து கையெழுத்து வைக்கிறோம். அதைவிட, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர்களிடம் நுழைவாயில் வளைவுக்குக் காசு கேட்கத் தெரிந்த எங்களுக்கு, ஒரு வகுப்பு உதவியாளரின் சம்பளத்துக்குக் கேட்க ஏன் வாய் வரவில்லை?

ஆகவே நான் கேட்பது இவ்வளவும்தான்.

‘சொந்த விருப்பு’ என்று எழுதி வாங்கிய கடிதங்களை உடனே இரத்துச் செய்து, ஒப்பம் வைத்த பெற்றாரிடம் திருப்பிக் கொடுங்கள். இனிமேல் அப்படி ஒன்று வாங்கவேண்டாம். ஒரு பிள்ளையை நேரத்தோடு அனுப்ப வேண்டிய நாள் வந்தால், அனுப்பிய நேரத்தையும் காரணத்தையும் முடிவெடுத்தவரின் பெயரையும் பாடசாலைப் பதிவில் எழுதி அதன் பிரதியைப் பெற்றாருக்குத் தாருங்கள். ஒவ்வொரு தவணையும் அந்த எண்ணிக்கையை வலயத்துக்கு அனுப்புங்கள். இந்த மடலின் பிரதியை ஐந்து வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் அனுப்புகிறேன். அந்த எண்ணிக்கையை அவர்களும் கேட்டு வாங்கவேண்டும்.

வகுப்பாசிரியர் மாறும்போது, முன்னையவர் ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போக ஏற்பாடு செய்யுங்கள்: பிள்ளைக்கு எது பயம், எது ஆறுதல், எங்கே இருத்தவேண்டும். படத்தில் நேரசூசி ஒன்று ஒவ்வொரு ஆரம்பப்பிரிவு வகுப்பிலும் இருக்கட்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் அது உதவும். மணிக்கு அருகில் இந்தப் பிள்ளைகளை இருத்தாதீர்கள். உடைந்துபோகும் நேரத்தில் போய் இருக்க நூலகத்திலோ அலுவலகத்திலோ ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள். ஆரம்பப்பிரிவில் ஒருவரையாவது ஓட்டிசம் பற்றிய பயிற்சிக்கு அனுப்புங்கள். பெற்றார் கூட்டத்தில் யாராவது தாயைக் குற்றம் சொன்னால் நீங்கள் எழும்பி மறுத்துச் சொல்லுங்கள். எங்களைவிட உங்கள் சொல்தான் சபையில் எடுபடும்.

கடைசியாக, தரம் 1 அனுமதிக்கான விண்ணப்பங்கள் வரும் காலம். பிள்ளைக்கு ஓட்டிசம் என்று வைத்திய அறிக்கையை ஒளிக்காமல் கொண்டுவரும் பெற்றாரை, அந்த ஒரு காரணத்துக்காக வேறு பாடசாலை பார்க்கச் சொல்லாதீர்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, உங்கள் கையொப்பத்தை அதில் வையுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆரம்பப்பிரிவு ஆசிரியை ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.